நீலகிரியிலிருந்து உற்பத்தித் துறை வேலைக்கு: ஐ.டி.ஐ. வழியாகப் போக ஒரு முழுமையான வழிகாட்டி

நீலகிரியில் வேலை என்று பேச்செடுத்தால் தேயிலை, சுற்றுலா, அரசு வேலை என்ற மூன்றோடு பேச்சு நின்றுவிடும். இவை எதுவும் அமையாதவர்கள் 'கீழே' போய் கோவையிலோ திருப்பூரிலோ கிடைத்த வேலையில் சேர்கிறார்கள். பச்சைத் தேயிலை விலை கட்டுப்படியாகாமல் இழுக்கும் வருஷங்களில், சீசன் முடிந்து லாட்ஜுகள் காலியாகக் கிடக்கும் மாதங்களில், இருபத்தைந்து முப்பது வயதுக்காரர்கள் பலர் வேறு தொழிலுக்கு மாற முடியுமா என்று யோசிக்கிறார்கள். முடியும். எப்படி என்று படிப்படியாகச் சொல்லத்தான் இது. பத்தாம் வகுப்பை இப்போதுதான் முடித்த தம்பி தங்கைகளுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐ.டி.ஐ. (தொழிற்பயிற்சி நிலையம்) சான்றிதழ் உங்களை நேர்முகத் தேர்வு வரை கொண்டுபோய் விடும், அவ்வளவுதான். வேலையை வாங்கித் தருவது பட்டறையில் நின்று பழகிய மணிநேரமும், அதற்கு அடுத்து ஒரு நிறுவனத்தில் வேலை பழகும் அப்ரண்டிஸ் பயிற்சியும். சான்றிதழ் வாங்கியதோடு நிறுத்திக்கொண்டவர்கள்தான் "ஐ.டி.ஐ. படிச்சும் பிரயோஜனம் இல்ல" என்கிறார்கள். கீழே வரும் ஒவ்வொரு படியும் இதை மனதில் வைத்து எழுதியது.

மலையில் தொழிற்சாலை எங்கே இருக்கிறது?

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வலி இருக்கிறது. உதகை இந்து நகரில் 1960இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஒரு காலத்தில் இந்த மாவட்டத்தின் பெருமை. பின்னாளில் நலிந்து, கடைசியில் மூடப்பட்டது. அதைப் பார்த்த தலைமுறைக்குத் தொழிற்சாலை என்றாலே நம்பிக்கை வருவதில்லை. அது நியாயமான பயம்தான்.

ஆனால் சுற்றிப் பாருங்கள். அருவங்காட்டில் நூற்றாண்டு கடந்த கார்டைட் (வெடிமருந்து) தொழிற்சாலை இன்றும் இயங்குகிறது. 2021 அக்டோபர் முதல் அது மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் வருகிறது. கேத்தி பக்கம் எல்லநள்ளியில் 1949 முதல் ஊசி தயாரிக்கிறார்கள். குன்னூர் பாஸ்டர் ஆய்வகம் தடுப்பூசி உற்பத்திக்குப் பெயர் பெற்றது. இதெல்லாம் போக, மாவட்டம் முழுக்கத் தேயிலைத் தொழிற்சாலைகள்: இண்ட்கோசர்வ் கூட்டுறவின் 16, அரசுத் தேயிலைக் கழகமான டேன்டீயின் தொழிற்சாலைகள், தனியார் பாக்டரிகள். இவ்வளவையும் தினமும் கடந்து போகிறோம். ஆனால் டீ பாக்டரியை விவசாயத்தின் ஒரு பகுதியாகவே பார்த்துப் பழகிவிட்டோம். உள்ளே போய்ப் பார்த்தால் அது மோட்டார், கியர்பாக்ஸ், கன்வேயர், ஹீட்டர் நிறைந்த முழு உற்பத்திக் கூடம்.

முதல் படி: சேரும் முன் ஒரு பாக்டரிக்குள் போய்ப் பாருங்கள்

எந்தப் படிவத்தையும் நிரப்புவதற்கு முன் செய்ய வேண்டியது இது. உங்கள் ஊருக்குப் பக்கத்து டீ பாக்டரியில் தெரிந்தவர் யாராவது கட்டாயம் இருப்பார். அனுமதி கேட்டு அரை நாள் உள்ளே நில்லுங்கள். டீத்தூள் எப்படி வருகிறது என்று பார்ப்பதை விட, மெஷின் நின்றுபோனால் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று கவனியுங்கள்.

இலையை நறுக்கித் தூளாக்கும் சி.டி.சி. மெஷினை எடுத்துக்கொள்வோம். வாடவைத்த இலை ரோட்டர்வேன் என்ற மெஷினில் நசுங்கி, பல் வெட்டிய இரட்டை உருளைகளுக்கு நடுவே போகிறது. எதிரெதிராகச் சுற்றும் அந்த உருளைகளில் ஒன்று மெதுவாகவும் மற்றது ஏறக்குறைய பத்து மடங்கு வேகமாகவும் சுற்றும். அந்த வேக வித்தியாசத்தில்தான் இலை நறுங்கி, கிழிந்து, சுருள்கிறது. உருளையில் ஓர் அங்குலத்துக்கு 8 அல்லது 10 பல் என்ற கணக்கில் வெட்டியிருப்பார்கள். இலையை அரைத்துக்கொண்டே இருந்தால் அந்தப் பல் மழுங்கும். மழுங்கிய பல் இலையை வெட்டாது, நசுக்கும். நசுங்கினால் சூடு ஏறும், தூளின் தரம் இறங்கும், ஏலத்தில் விலை விழும். அதனால் உருளையைச் செயின் பிளாக் போட்டுக் கழற்றி, மில்லிங், சேசிங் மெஷின்களில் பல்லை மறுபடி வெட்டிக் கூர்மையாக்கி, திரும்ப மாட்டி, இரண்டு உருளைக்கும் இடைவெளி சரிபார்த்துக் கொடுக்க வேண்டும். இது டர்னரும் (கடைசல் வேலை செய்பவர்) மெஷினிஸ்டும் (மில்லிங் போன்ற மெஷின்களை ஓட்டுபவர்) பிட்டரும் (பாகங்களைப் பொருத்துபவர்) சேர்ந்து செய்கிற வேலை. இதைச் சரியாகச் செய்யத் தெரிந்த ஆளுக்கு மலையில் எப்போதும் கிராக்கி உண்டு.

அரை நாள் அங்கே நின்றால் உங்களைப் பற்றியும் ஒன்று தெரிந்துவிடும். அந்தச் சத்தம், எண்ணெய் வாடை, நின்றுகொண்டே பார்க்கும் வேலை, இரவு ஷிப்ட் எல்லாம் உங்களுக்கு ஒத்துவருமா? ஒத்துவராது என்று தோன்றினால் அரை நாளோடு போயிற்று, இரண்டு வருஷம் மிச்சம்.

இரண்டாம் படி: டிரேடைத் தேர்ந்தெடுப்பது

டிரேடு என்பது ஐ.டி.ஐ.யில் நீங்கள் படிக்கும் தொழிற்பிரிவு. இதைத் தேர்ந்தெடுப்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். நண்பன் சேர்ந்த டிரேடு, இடம் காலியாக இருந்த டிரேடு, பெயர் கேட்க நன்றாக இருந்த டிரேடு என்று சேர்ந்துவிடுகிறார்கள். எந்த வேலை எந்த ஊரில் இருக்கிறது என்பதிலிருந்து ஆரம்பித்து யோசியுங்கள்.

மலையிலேயே இருக்க வேண்டும், வீட்டையும் தோட்டத்தையும் விட முடியாது என்பவர்களுக்கு என் பரிந்துரை பிட்டர் அல்லது எலக்ட்ரீஷியன். இரண்டும் இரண்டு ஆண்டுப் படிப்பு. டீ பாக்டரி, ரிசார்ட், மருத்துவமனை, பள்ளி விடுதி என்று மோட்டாரும் பம்பும் ஜெனரேட்டரும் உள்ள எல்லா இடத்திலும் பராமரிப்பு வேலைக்கு இவர்கள் வேண்டும். எலக்ட்ரீஷியன் படித்தவர்கள் தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் தகுதிச் சான்றிதழையும் பிறகு வாங்கிவிட வேண்டும். அது இருந்தால்தான் கையெழுத்துக்கு மதிப்பு. பாய்லர் உள்ள பாக்டரிகளில் பாய்லர் அட்டெண்டன்ட் தகுதிச் சான்றிதழ் பெற்றவர் இல்லாமல் பாய்லரை ஓட்டக் கூடாது. பிட்டர் படித்துவிட்டு பாக்டரியில் சேர்பவர்கள் கொஞ்ச காலத்தில் அதற்கும் முயற்சி செய்யலாம்.

கீழே போகத் தயார் என்பவர்களுக்கு டர்னர், மெஷினிஸ்ட் நல்ல டிரேடுகள். கோவையின் பம்ப், ஜவுளி இயந்திரம், வாகன உதிரிபாகம், கிரைண்டர் என எல்லாமே இவர்கள் கையில்தான் உருவாகின்றன. கணினி கட்டுப்படுத்தும் சி.என்.சி. மெஷினுக்குப் போக வேண்டும் என்று ஆசைப்படுபவர்களும் சாதாரண லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) ஆரம்பிப்பது நல்லது. கையால் ஓட்டிப் பழகியவருக்குத்தான் டூல் எங்கே திணறுகிறது என்பது சத்தத்திலேயே தெரியும். சி.என்.சி. புரோகிராமில் ஜி00, ஜி01 என்ற கட்டளைகளை எழுதுவதை யாரும் சில வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். அந்தக் காது வர நாளாகும்.

சீக்கிரம் சம்பாதிக்க வேண்டும், குடும்பம் காத்திருக்க முடியாது என்றால் வெல்டர். ஓராண்டுதான். எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதும். பத்தாம் வகுப்பில் தவறியவர்களுக்கு இது திறந்திருக்கும் கதவு. வயர்மேன் டிரேடுக்கும் எட்டாம் வகுப்பு போதும், ஆனால் அது இரண்டு ஆண்டு. வெல்டிங்கில் கை நன்றாக அமைந்தவர் டிக், மிக் என்ற வெல்டிங் முறைகளையும் அடுத்தடுத்துப் பழகிக்கொண்டால் சம்பளம் ஏறும்.

அருவங்காடு போன்ற பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் கண் வைத்திருப்பவர்கள் 'அட்டெண்டன்ட் ஆபரேட்டர் கெமிக்கல் பிளான்ட்' என்ற டிரேடைப் பற்றி விசாரியுங்கள். வெடிமருந்து ஆலைகளில் அந்த டிரேடு முடித்து அப்ரண்டிஸ் பயிற்சி பெற்றவர்களைத் தேடுவதுண்டு. ஆனால் அறிவிப்பு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அதை மட்டுமே நம்பி உட்கார வேண்டாம்.

இன்னொரு வாய்ப்பு. தமிழக அரசு டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களை 4.0 தொழில்நுட்ப மையங்களாக மாற்றியிருக்கிறது. அங்கே உயர்நிலை சி.என்.சி., தொழிற்சாலை ரோபோ, மின்சார வாகனம் போன்ற புதிய டிரேடுகள் உண்டு. புதியது என்பதற்காகவே சேராதீர்கள். அந்த டிரேடு முடித்தவர்களை எந்த நிறுவனம் எடுத்தது என்று அந்த ஐ.டி.ஐ.யிலேயே நேரில் கேளுங்கள். பதில் சொல்லத்தான் அங்கே ஆள் இருக்கிறார்கள்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. டர்னர், பிட்டர், வெல்டர் எல்லாம் ஆண்கள் டிரேடு என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. கொழுந்துக் கூடையைச் சுமந்து சரிவில் ஏறி இறங்குகிறவர்களுக்கு லேத்தின் முன் நிற்பது கஷ்டமான வேலை அல்ல.

மூன்றாம் படி: உங்கள் வயதுக்கு ஏற்ற வழி

தமிழ்நாட்டு அரசு ஐ.டி.ஐ.களில் ஆண்கள் 14 முதல் 40 வயது வரை சேரலாம். பெண்களுக்கு உச்ச வயது வரம்பு இல்லை. ஆகவே முப்பத்தைந்து வயதில் புதிதாக ஆரம்பிக்கச் சட்டப்படி தடை ஏதும் இல்லை. குன்னூரிலும் கூடலூரிலும் அரசு ஐ.டி.ஐ.கள் இருக்கின்றன. கோத்தகிரி, உதகை, மஞ்சூர்க்காரர்களுக்குக் குன்னூர் தோது. பந்தலூர், தேவாலா, சேரம்பாடிக்காரர்களுக்குக் கூடலூர். விடுதியில் தங்கத் தயாரானால் மேட்டுப்பாளையம் தாண்டிக் கோவையில் தேர்வு அதிகம்.

ஏற்கனவே பாக்டரியிலோ லேத் பட்டறையிலோ சில வருஷம் வேலை பார்த்த அனுபவம் இருந்து, சான்றிதழ் மட்டும் இல்லாதவர்கள் மறுபடி இரண்டு வருஷம் வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. ஐ.டி.ஐ. மாணவர்கள் எழுதும் அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுத வழி இருக்கிறது. அனுபவச் சான்று, வயது போன்ற நிபந்தனைகளை ஒவ்வோர் ஆண்டும் அறிவிப்பில் தருவார்கள். மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். அப்பாவோடு பட்டறையில் வளர்ந்த பையன்களுக்கு இது கைகொடுக்கும்.

சில வாரம், சில மாதம் நடக்கும் குறுகிய காலப் பயிற்சிகளைத் தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம் நடத்துகிறது. இலவசம். ஏற்கனவே ஒரு டிரேடு தெரிந்தவர் கூடுதலாக ஒன்றைக் கற்க அவை நல்லவை. அடியிலிருந்து ஆரம்பிப்பவருக்குப் போதாது என்பது என் கருத்து.

பத்தாம் வகுப்பில் கணக்கும் அறிவியலும் நன்றாக வந்த பிள்ளைகள் உதகை அரசு பாலிடெக்னிக்கையும் யோசிக்கலாம். ஆனால் ஐ.டி.ஐ. முடித்தவர்கள் பிறகு பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்பதை நினைவில் வையுங்கள். அந்த வழியில் வருபவர்களுக்குக் கை வேலையும் தெரியும், டிப்ளமோவும் இருக்கும்.

நான்காம் படி: விண்ணப்பம்

சேர்க்கை அறிவிப்பு பெரும்பாலும் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவை ஒட்டி வரும். வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையின் திறன் பயிற்சி இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இணைய வசதி இல்லாதவர்கள் நேரே ஐ.டி.ஐ.க்குப் போனால் உதவி மையத்தில் அவர்களே பதிவு செய்து தருவார்கள். எந்த ஐ.டி.ஐ., எந்த டிரேடு என்று வரிசைப்படுத்தித் தரச் சொல்வார்கள். அந்த வரிசையை வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்துகொண்டு போங்கள்.

வேண்டியவை: மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், புகைப்படம், ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு. நம் மாவட்டத்தில் தாமதமாவது சாதிச் சான்றிதழ்தான். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் குடும்பங்களுக்குப் பழங்குடியினர் இடஒதுக்கீடு உண்டு. ஆனால் கையில் சான்றிதழ் இல்லாமல் அதைக் கேட்க முடியாது. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களும் தங்கள் பழைய ஆவணங்களைத் தேடி எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. மே மாதத்துக்குள் இதையெல்லாம் முடித்துவிடுங்கள். ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவமழை வந்துவிட்டால் கூடலூர், பந்தலூர்ப் பக்கம் மரம் விழுந்து பஸ் நிற்கும், கரண்ட் போகும், அலுவலகத்துக்கு நடந்து நடந்து நாள் போய்விடும்.

முதல் கலந்தாய்வில் கிடைக்காவிட்டால் மனம் தளர வேண்டாம். மீதி இடங்களுக்கு நேரடிச் சேர்க்கை நடக்கும். தேதியை மட்டும் விசாரித்துக்கொண்டே இருங்கள்.

ஐந்தாம் படி: படிக்கும் காலத்துக்குப் பணம்

அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பாடப்புத்தகம், சீருடை, ஷூ, வரைபடக் கருவி, பஸ் பாஸ் தருகிறார்கள். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்துவிட்டு வரும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். இரண்டும் ஐ.டி.ஐ.க்கும் பொருந்தும்.

பள்ளி முடித்துப் பல வருஷம் ஆனவர்களின் கணக்கு வேறு. அந்த 750 ரூபாயில் குடும்பம் நடக்காது. மனைவியோ அப்பா அம்மாவோ இரண்டு வருஷம் தோள் கொடுக்க வேண்டியிருக்கும். அதை முன்கூட்டியே வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். சீசனில் டாக்சி ஓட்டுவது, சனி ஞாயிறில் தோட்ட வேலை என்று சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் வருகைப் பதிவு 80 விழுக்காட்டுக்குக் குறைந்தால் தேர்வு எழுத விடமாட்டார்கள். மே மாதச் சீசனில் காசு பார்க்கிறேன் என்று நாலு வாரம் மட்டம் போட்டு, வருஷமே போனவர்கள் உண்டு. இந்தக் கணக்கு கட்டுப்படியாகாது என்று தெரிந்தால் இரண்டு ஆண்டு டிரேடை விட்டு ஓராண்டு வெல்டருக்கு வாருங்கள். பாதியில் நிற்பதைவிட அது மேல்.

ஆறாம் படி: பட்டறையில் கழிக்கும் நாட்கள்

ஐ.டி.ஐ.யில் ஆண்டுக்கு 1200 மணிநேரப் பயிற்சி. அதில் 840 மணி செய்முறை. இந்த 840தான் உங்கள் முதலீடு. அகில இந்தியத் தொழிற்தேர்விலும் செய்முறையில் 60 விழுக்காடு எடுத்தால்தான் தேர்ச்சி.

பிட்டர் டிரேடில் முதல் சில வாரம் அரத்தைக் கையில் கொடுத்து இரும்புத் துண்டைத் தேய்க்கச் சொல்வார்கள். தோள் வலிக்கும், கை கொப்புளிக்கும், "இதுக்கா வந்தோம்" என்று தோன்றும். விட்டுவிடாதீர்கள். டிரை ஸ்கொயரை அந்தத் துண்டின் மேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார் ஆசிரியர். கீற்று வெளிச்சம் தெரிந்தால் இன்னும் தேய்க்க வேண்டும். எந்த இடத்தில், எவ்வளவு அழுத்தி என்று கை தானாகவே கற்றுக்கொள்வது அப்போதுதான். பிறகு எந்த மெஷினில் நின்றாலும் அந்தக் கைதான் துணை.

அளவெடுக்கப் பழகுவதை ஒரு வழிபாடு மாதிரி தினமும் செய்யுங்கள். வெர்னியர் காலிப்பரில் 0.02 மில்லிமீட்டர், மைக்ரோமீட்டரில் 0.01 மில்லிமீட்டர் வரை படிக்க வேண்டும். டிராயிங்கில் ஒரு துளைக்கு 25 எச்7 என்று போட்டிருந்தால், அந்தத் துளை 25.000க்கும் 25.021க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்று பொருள். 25.03 ஆகிவிட்டால் அந்த வேலைப்பொருள் குப்பைக்குத்தான். நேர்முகத் தேர்வில் பெரும்பாலும் ஒரு மைக்ரோமீட்டரைக் கையில் கொடுத்து "இதைப் படிங்க" என்பார்கள். அதிலேயே பாதிப் பேர் கழன்றுவிடுவார்கள்.

கணக்கு வராது என்று பயப்படுபவர்களுக்கு: தேவைப்படுவது தசமம், விகிதம், கொஞ்சம் முக்கோணவியல். எம்10, அதாவது 10 மில்லிமீட்டர் மரை வெட்ட வேண்டும், பிட்ச் (இழைகளுக்கு இடைவெளி) 1.5 என்றால் பத்திலிருந்து ஒன்றரையைக் கழித்து 8.5 மில்லிமீட்டர் டிரில் போட வேண்டும். பட்டறைக் கணக்கில் பெரும்பகுதி இந்த அளவுதான். பள்ளியில் புரியாதது இங்கே கையில் பொருளாக இருக்கும்போது புரிந்துவிடும். இருபது வருஷம் கழித்துப் புத்தகம் எடுத்தவர்கள் தடுமாறுவது டிராயிங்கில்தான். மூன்று பக்கத் தோற்றத்தையும் பார்த்துப் பொருளை மனதில் கட்டியெழுப்ப வேண்டும். ஒரு உருளைக்கிழங்கையோ சோப்பையோ அந்த டிராயிங்படி வெட்டிப் பாருங்கள், நாலைந்து நாளில் பிடிபட்டுவிடும்.

மலைக்காரர்களுக்கென்று ஒரு எச்சரிக்கை. காலை எட்டு மணிக்கு உதகையிலும் குன்னூரிலும் குளிர் நடுக்கும். ஸ்வெட்டர், மப்ளர், கம்பளிக் கையுறையோடு பட்டறைக்குள் நுழைவது நம் பழக்கம். லேத்தின் முன் அந்த மூன்றும் உயிருக்கு ஆபத்து. இரும்புத் துண்டைப் பிடித்துக்கொண்டு சுழலும் சக்கில் மப்ளரின் ஒரு நூல் மாட்டினாலும் கழுத்தைச் சேர்த்து இழுத்துவிடும். கையுறையும் அப்படித்தான், விரலோடு போகும். குளிருக்கு உள்ளே இறுக்கமான தெர்மல் போட்டு, மேலே கை மடித்த பட்டறைச் சீருடை போடுங்கள். பெண்கள் பின்னலை மடித்துக் கட்டித் தொப்பிக்குள் விட வேண்டும், துப்பட்டா கூடாது. மோதிரம், வாட்ச், வளையல் எல்லாம் கழற்றி வையுங்கள். ஆசிரியர் அதட்டுவதற்காகச் செய்யாதீர்கள், உங்கள் விரலுக்காகச் செய்யுங்கள்.

ஏழாம் படி: அப்ரண்டிஸ் பயிற்சி

ஐ.டி.ஐ. தேர்வு எழுதியதும் நேரே வேலை தேடி அலையாமல், தொழிற்பழகுநர் பயிற்சிக்குப் பதிவு செய்யுங்கள். 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் குறிப்பிட்ட விழுக்காடு அப்ரண்டிஸ்களை எடுத்தே ஆக வேண்டும். 'அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா' இணையதளத்தில் பெயரைப் பதிந்து, நிறுவனத்தைத் தேடி விண்ணப்பிக்கலாம். பயிற்சி முடிவில் தேர்வு எழுதித் தேசிய தொழிற்பழகுநர் சான்றிதழ் வாங்க வேண்டும். ஐ.டி.ஐ. சான்றிதழோடு இதையும் வைத்திருப்பவருக்கும் வெறும் ஐ.டி.ஐ. வைத்திருப்பவருக்கும் நேர்முகத் தேர்வில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். முதலாவது, பயிற்சி முடிந்ததும் அந்த நிறுவனம் வேலை தந்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. கற்றுக்கொள்ளத்தான் போகிறீர்கள். இரண்டாவது, பதிவு செய்த ஒப்பந்தம் கையில் இருக்க வேண்டும். 'டிரெய்னி' என்று பெயர் வைத்து, ஒப்பந்தமே இல்லாமல் வருஷக்கணக்கில் ஒரே மெஷினில் நிற்கவைக்கும் இடங்களும் இருக்கின்றன. ஒப்பந்த எண் கேளுங்கள். தயங்கினால் அந்த இடம் வேண்டாம்.

தெற்கு ரயில்வேயின் அப்ரண்டிஸ் அறிவிப்பைத் தவறவிடாதீர்கள். பெரம்பூர், பொன்மலை, போத்தனூர் பணிமனைகளுக்கு ஆள் எடுப்பார்கள். எழுத்துத் தேர்வு இல்லை, மதிப்பெண் அடிப்படையில் பட்டியல். நம் மலை ரயிலின் நீராவி எஞ்சின்களில் புதியவை பொன்மலைப் பணிமனையில் தயாரானவைதான். அங்கே பயிற்சி கிடைத்தால் கொண்டாடலாம். ஆனால் பொதுப்பிரிவுக்கு 24 வயதுக்குள் இருக்க வேண்டும், மற்ற பிரிவினருக்குச் சில ஆண்டு தளர்வு.

வயது கடந்தவர்கள் என்ன செய்வது? தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் 35 வயது வரை சேரலாம். பெரிய நிறுவனங்கள் நடைமுறையில் இளைஞர்களைத்தான் முதலில் எடுக்கின்றன என்பதை மறைப்பதில் பயனில்லை. சிறு பட்டறைகளும் டீ பாக்டரிகளும் அப்படியில்லை. சொன்ன நேரத்துக்கு வந்து, பொறுப்பாக நின்று, நாளை ஓடிவிட மாட்டார் என்ற நம்பிக்கை தரும் முப்பது வயதுக்காரரை அவர்கள் விரும்புவார்கள். உங்கள் பழைய வேலையில் ஓட்டுநராகவோ கணக்கராகவோ மேஸ்திரியாகவோ இருந்ததைச் சொல்லத் தயங்காதீர்கள்.

எட்டாம் படி: முதல் வேலையில் சேரும்போது

உதகையில் உள்ள மாவட்ட வேலைவாய்ப்பு மையம் நடத்தும் தனியார் துறை முகாம்களுக்குப் போங்கள். சேரும் முன் சிலவற்றைக் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நிறுவனத்தின் நேரடி வேலையா, கான்ட்ராக்டர் மூலமா? சொன்ன சம்பளம் பிடித்தம் போகக் கைக்கு வருவதா, பிடிக்கும் முன் உள்ளதா? பி.எப்.க்கு அடிப்படைச் சம்பளத்தில் 12 விழுக்காடும், மாதம் 21,000 ரூபாய்க்குள் வாங்குபவர்களுக்கு இ.எஸ்.ஐ.க்கு 0.75 விழுக்காடும் பிடிப்பார்கள். அப்படிப் பிடித்தம் இருந்தால் அது நல்ல அறிகுறி. எதுவுமே பிடிக்காமல் ரொக்கமாகத் தரும் இடத்தில், கையில் அடிபட்டால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். ஒரிஜினல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்கிறோம் என்றால் கொடுக்காதீர்கள். சரிபார்த்துத் திருப்பித் தரச் சொல்லுங்கள்.

கீழே போகிறவர்களுக்கு வெயில்தான் முதல் சோதனை. ஏப்ரல் மாதக் கோவையில், இரும்பை உருக்கி வார்க்கும் பவுண்டரியில் நிற்பது மலையில் வளர்ந்த உடம்புக்கு லேசுப்பட்ட காரியம் இல்லை. முடிந்தால் ஜூன், ஜூலையில் சேருங்கள், உடம்பு பழக நேரம் கிடைக்கும். தங்குமிடம், கேன்டீன், ஷிப்ட் முடிந்ததும் வண்டி உண்டா என்று கேளுங்கள். சம்பளத்தில் இரண்டாயிரம் கூட என்று போய், அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் நாலாயிரம் கொடுப்பதில் அர்த்தமில்லை. பெண்கள் இரவு ஷிப்ட் போக்குவரத்தைப் பற்றி வெளிப்படையாகக் கேட்டு, முடிந்தால் அங்கே வேலை பார்க்கும் ஒரு அக்காவிடம் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

சேர்ந்த பிறகு ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். எந்த மெஷினில் என்ன பழுது வந்தது, எப்படிச் சரியானது, எந்த டூல், எந்த வேகம் என்று தினமும் நாலு வரி. அடுத்த கம்பெனியில் "என்ன தெரியும்?" என்று கேட்டால் அந்த நோட்டே பதில் சொல்லும்.

ஒன்பதாம் படி: இரண்டு மூன்று வருஷம் கழித்து

பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டு ஆண்டு ஐ.டி.ஐ. முடித்தவர்கள் தமிழ், ஆங்கில மொழித்தாள்களை எழுதித் தேறினால் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான சான்று பெறலாம். எட்டாம் வகுப்புக்குப் பின் ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கும் பத்தாம் வகுப்புக்கு இணையாக இதே போன்ற வழி உண்டு. அரசு வேலைக்கும் மேல்படிப்புக்கும் இது உதவும். வேலைக்குப் போய்க்கொண்டே எழுதிவிடலாம்.

கற்றுக்கொடுக்கும் ஆர்வம் உள்ளவர்கள் ஐ.டி.ஐ. ஆசிரியராகவும் ஆகலாம். சென்னை கிண்டியில் உள்ள தேசியத் திறன் பயிற்சி நிலையத்தில் கைவினை ஆசிரியர் பயிற்சி ஓராண்டு நடக்கிறது. குன்னூரிலும் கூடலூரிலும் நம் பேச்சு, நம் குளிர், நம் பிள்ளைகளின் கூச்சம் தெரிந்த ஆசிரியர்கள் நிற்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

மலைக்குத் திரும்ப நினைப்பவர்கள் கோவையில் நாலைந்து வருஷம் மில்லிங், கிரைண்டிங், ஹைட்ராலிக்ஸ் என்று பழகிக்கொண்டு வந்து, டீ பாக்டரிகளின் பராமரிப்பை ஒப்பந்தமாக எடுத்துச் செய்யலாம். உருளை கூர்மையாக்குவது, கியர்பாக்ஸ் பழுது, மோட்டார் காயில் கட்டுவது என எந்த வேலை உங்கள் பக்கத்தில் காத்துக்கிடக்கிறது என்பதை நாலைந்து பாக்டரி மேனேஜர்களிடம் கேட்டபின் மெஷின் வாங்குங்கள். கடன் வாங்கி லேத்தை இறக்கிவிட்டு வேலைக்குக் காத்திருக்க வேண்டாம். மாவட்டத் தொழில் மையத்தில் மானியக் கடன் திட்டங்களைப் பற்றிக் கேட்கப் போகும்போது, அந்த மேனேஜர்கள் வேலை தருவதாக எழுதிக் கொடுத்த கடிதங்களையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.